திருச்சிப் பக்கம் இல்லை, பெரம்பலூர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் தேக்கா சந்தையில் சின்ன வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு பையன், 25 வயது இருக்கும், அறையில் ஏழெட்டுப் பேருக்குச் சேர்த்துச் சமைக்கிறவன் போலிருக்கிறது, பெரிய பையை நிரப்பிக்கொண்டிருந்தான். "அக்கா எந்த ஊரு?" என்றான். "திருச்சிப் பக்கம்" என்றேன். "நானும் திருச்சிப் பக்கந்தான்க்கா." திருச்சியில் எங்கே என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு "பாடாலூர்" என்றான். பாடாலூர் திருச்சி மாவட்டமே இல்லை. நான் வேப்பந்தட்டை வட்டம், பச்சைமலை அடிவாரம், அதுவும் திருச்சி மாவட்டம் இல்லை. ஒரே மாவட்டத்துக்காரர்கள் இரண்டு பேர், சொந்த மாவட்டத்தின் பெயரை மறைத்து வைத்துக்கொண்டு பேசியிருக்கிறோம்.

திருச்சி என்றால் எல்லாருக்கும் தெரியும், விமானம் அங்கேதான் இறங்குகிறது, மலைக்கோட்டை இருக்கிறது. பெரம்பலூர் என்று சொன்னால் அடுத்து "அது எங்கே?" என்ற கேள்வி வரும். விவரம் தெரிந்தவர்கள் "சென்னைக்குப் போகும்போது பைபாஸில் போர்டு பார்த்திருக்கிறேன்" என்பார்கள். அதற்கு மேல் பேச்சு நகராது. அதனால் நான் இங்கே வந்த 18 வருடமும் திருச்சி என்றே சொல்லிவிட்டேன். என் மகளும் பள்ளியில் "அம்மாவின் ஊர் திருச்சி" என்றுதான் எழுதியிருக்கிறாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, ஊரைப் பற்றி முதல் தடவையாக முழுதாகச் சொன்னேன். அவளிடம் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

அவளுக்கு முதலில் அளவு புரிய வேண்டியிருந்தது. பெரம்பலூர் மாவட்டத்தின் பரப்பு சுமார் 1,750 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூர் 735 சொச்சம். அதாவது நம் தீவைப் போல இரண்டு தீவை உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும். ஆனால் ஆட்கள்? 2011 கணக்கெடுப்பில் 5,65,223 பேர். அந்தக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே மிகக் குறைந்த மக்கள்தொகை உள்ள மாவட்டம் அதுதான், நீலகிரியைவிடக் குறைவு. இங்கே தெம்பனிஸையும் பிடோக்கையும் சேர்த்தாலே ஏறத்தாழ அந்த எண்ணிக்கை வந்துவிடும். "ரெண்டு டவுன்தானா அம்மா?" என்றாள். ஆமாம், இரண்டு டவுன் ஆட்கள், இரண்டு சிங்கப்பூருக்கும் மேலான நிலத்தில். அங்கே சதுர கிலோமீட்டருக்கு 323 பேர், இங்கே 8,000-க்கும் மேல். நூற்றுக்கு 83 பேர் கிராமத்தில் இருக்கிறார்கள். நகராட்சி ஒன்றே ஒன்று, பெரம்பலூர். குரும்பலூர், அரும்பாவூர், பூலாம்பாடி, லப்பைக்குடிக்காடு என்று நான்கு பேரூராட்சிகள். மற்றதெல்லாம் 121 கிராம ஊராட்சிகள்.

எண்களைச் சொல்லிவிட்டேனே தவிர, அந்த நிலம் எப்படி இருக்கும் என்பதை வண்டியில் கூட்டிக்கொண்டு போகிற மாதிரிச் சொன்னால்தான் புரியும். திருச்சியில் இறங்கி வடக்கே வண்டி எடுத்தால் சமயபுரம் சுங்கச்சாவடி வரைக்கும் பச்சை இருக்கும், வாழை இருக்கும், கொள்ளிடத்தின் ஈரம் கூடவே வரும். அதைத் தாண்டி வர வர மண்ணின் நிறம் மாறும். பாடாலூர் வந்தால் எங்கள் மாவட்டம் தொடங்கிவிட்டது. அங்கிருந்து மேற்கே திரும்பினால் செட்டிகுளம், கையில் கரும்போடு தண்டாயுதபாணி நிற்கிற மலைக்கோயில். நேரே வந்தால் சிறுவாச்சூர். மதுரகாளியம்மன் கோயில் வாரத்தில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும், அந்த நாட்களில் கோயிலிலேயே அரிசி இடித்து மாவிளக்குப் போடுகிற பெண்களின் உலக்கைச் சத்தம் கேட்கும். என் மகளுக்குக் காதுகுத்தியது அங்கேதான், அவளுக்கு நினைவில்லை. அப்புறம் பெரம்பலூர் டவுன். அதைத் தாண்டினால் வாலிகண்டபுரம், பிறகு சாலையிலிருந்தே தெரிகிற ரஞ்சன்குடிக் கோட்டை. 1751-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆளுக்கொரு நவாப்பை வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தில் சண்டை போட்டிருக்கிறார்கள். திருமாந்துறை சுங்கச்சாவடி தாண்டி வெள்ளாற்றுப் பாலம் ஏறினால் கடலூர் மாவட்டம். அவ்வளவுதான். ஒரு மணி நேரத்துக்குள் மாவட்டத்தைத் தெற்கிலிருந்து வடக்கே கடந்துவிடலாம், பெரும்பாலானவர்கள் தூங்கிக்கொண்டே கடந்துவிடுகிறார்கள்.

இந்தப் பயணம் முழுக்க இடது பக்கம் தூரத்தில் நீலமாக ஒரு மலை கூடவே வந்துகொண்டிருக்கும். அதுதான் பச்சைமலை. இங்கே புக்கிட் தீமா உச்சி 163 மீட்டர், அதில் ஏறிவிட்டு "மலை ஏறினோம்" என்று படம் எடுத்துக்கொள்கிறோம். பச்சைமலை அதைப்போல ஐந்தாறு மடங்கு உயரம். திருச்சி, சேலம், பெரம்பலூர் என்று மூன்று மாவட்டங்களுக்குப் பொதுவான மலை, மேலே மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள். மழை பெய்தால் லாடபுரம் பக்கம் மயிலூற்றில் தண்ணீர் விழும். மழை பெய்தால். எங்கள் ஊரில் எல்லா வாக்கியமும் இந்த இரண்டு சொல்லில்தான் தொடங்கும்.

திருச்சிக்கும் எங்களுக்கும் உள்ள வித்தியாசமே அதுதான். திருச்சிக்காரர்களுக்குக் காவிரி உண்டு. எங்கள் மாவட்டத்தைக் காவிரியும் தொடவில்லை, கொள்ளிடமும் தொடவில்லை. வடக்கு எல்லையில் வெள்ளாறு, நடுவில் கல்லாறு, சின்னாறு, மருதையாறு, எல்லாம் மழைக்கு ஓடி மழை நின்றால் நிற்கிற ஆறுகள். கல்லாற்றில் விசுவக்குடி அணை, மருதையாற்றில் கொட்டரை நீர்த்தேக்கம் என்று பிற்காலத்தில் கட்டியிருக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, எங்களுக்கு அதில் பாதிகூடக் கிடையாது. அந்தப் பாதியும் ஐப்பசி கார்த்திகையில் ஒரேயடியாகக் கொட்டிவிட்டுப் போய்விடும். மேற்குப் பக்கம் அடியில் முழுக்கக் கெட்டிப் பாறை, தண்ணீரைத் தேக்கிவைக்க இடம் இல்லை. என் தாத்தா காலத்தில் 60 அடிக் கிணறு, அப்பா காலத்தில் அதற்குள்ளேயே சைடு போர், இப்போது 800 அடி, 1,000 அடி என்று போர் போட்டுப் புகை வருகிறதா ஈரம் வருகிறதா என்று வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பெரம்பலூர் டவுனே கொள்ளிடத்துத் தண்ணீரைக் குழாயில் வாங்கித்தான் குடிக்கிறது. மலேசியாவின் ஜோகூரிலிருந்து குழாயில் வரும் தண்ணீரைக் குடிக்கிற ஊரில் வளர்கிற என் மகளுக்கு இது மட்டும் விளக்காமலே புரிந்தது.

மானாவாரிதான் எங்கள் விவசாயம். புரட்டாசியில் மக்காச்சோளம் விதைத்தால் தை, மாசியில் கதிர் ஒடிக்கலாம். கிழக்கே குன்னம், வேப்பூர்ப் பக்கம் கரிசல், அங்கே பருத்தியும் உண்டு. தமிழ்நாட்டில் மக்காச்சோளம் என்றாலும் சின்ன வெங்காயம் என்றாலும் முதல் வரிசையில் பெரம்பலூர் இருக்கும். 2018-இல் அமெரிக்கன் படைப்புழு வந்து மக்காச்சோளக் குருத்தையெல்லாம் தின்றபோது எங்கள் அம்மா போனில் அழுதார், அப்பா இறந்தபோதுகூட என் முன்னால் அழாதவர்.

வெங்காயத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் வளர்ந்தது அதில்தான். சின்ன வெங்காயம் 70 நாள் பயிர். ஊன்றுவதும் கை, களை எடுப்பதும் கை, பிடுங்குவதும் தாள் அறுப்பதும் கை, இன்றுவரை பெரும்பாலும் பெண்களின் கை. திருகல் நோய் வந்தால் தாள் சுருண்டு கோழிக்கால் மாதிரி ஆகிவிடும், ஊரில் அதற்குப் பெயரே கோழிக்கால் நோய். ஒரு வாரத்தில் வயல் போய்விடும். தப்பித்துப் பிடுங்கினாலும் அன்றைக்கு விலை இருக்காது. அதற்காகத்தான் பட்டறை போடுவது. காட்டிலேயே கல் அடுக்கி, மேலே குச்சி பரப்பி, நீளமாக வெங்காயத்தைக் கொட்டி, இரண்டு பக்கமும் தட்டி கட்டி, கூரை வேய்ந்து விடுவார்கள். காற்று உள்ளே போய் வெளியே வரும். மாதக்கணக்கில் கெடாது. விலை ஏறுகிற வரைக்கும் காத்திருக்கலாம், அடுத்த பட்டத்துக்கு விதையும் அதிலிருந்தே எடுக்கலாம். காத்திருக்க முடிகிறவர்களுக்குத்தான் அதுவும். எங்கள் வீட்டில் பட்டறையைப் பிரிக்கும் நாளை வெங்காய விலை தீர்மானித்ததே இல்லை. யாருக்காவது பள்ளிக் கட்டணம், யாருக்காவது ஆஸ்பத்திரி, அப்புறம் ஒரு தடவை என் தம்பியின் சிங்கப்பூர்.

தேக்காவில் நான் பொறுக்கிய வெங்காயம் இந்தியாவிலிருந்து வந்தது என்று கடைக்காரர் சொன்னார், எந்த மாவட்டம் என்று அவருக்குத் தெரியவில்லை. எங்கள் ஊர் வெங்காயமாக இருந்தால் அதுவும் "திருச்சி" என்ற பெயரில்தான் ஏறியிருக்குமோ என்னவோ.

இந்த வறண்ட நிலம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்று சொன்னபோது மகள் நம்பவில்லை. நானும் பள்ளியில் நம்பவில்லை. சாத்தனூரில் கல்லாகிப் போன மரம் ஒன்று கிடக்கிறது, 18 மீட்டர் நீளம். 1940-இல் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற புவியியலாளர் அதைக் கண்டறிந்து சொன்னார். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் கடல் இங்கே வரை வந்திருந்தபோது அடித்துவரப்பட்டு, மண்ணில் புதைந்து, கல்லாகிவிட்ட மரம். காரை கிராமத்துப் பக்கம் போனால் புல்கூட முளைக்காத மேடும் பள்ளமுமாகச் செம்மண் நிலம் கிடக்கும், அங்கே அம்மோனைட் என்கிற சுருள் சுருளான கடல் உயிர்களின் படிவங்கள் கிடைக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயப் புவியியலாளர்கள் வந்து வரைபடம் போட்டுவிட்டுப் போனார்கள். என் தோழி ஒருத்தியின் அப்பா வயல் உழும்போது அப்படி ஒரு சுருளைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்திருந்தார், நாங்கள் அதைப் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டிருக்கிறோம். ஊற்றுத் தண்ணீருக்கு 1,000 அடி தோண்டுகிற மண்ணில் கடலின் சிப்பி மேலேயே கிடக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

மாவட்டம் பிறந்த கதை சின்னது. 1995-இல் பழைய திருச்சி மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது கரூரும் பெரம்பலூரும் தனியாக வந்தன. 2001-இல் அரியலூரைப் பிரித்தார்கள், 2002-இல் மறுபடி ஒட்டினார்கள், 2007-இல் மறுபடி பிரித்தார்கள். எங்கள் சித்தி வீடு அரியலூர்ப் பக்கம் ஜெயங்கொண்டத்தில், அவர்கள் எந்த மாவட்டம் என்று கல்யாணப் பத்திரிகையில் போடுவதற்கே ஒவ்வொரு தடவையும் யோசிக்க வேண்டியிருந்தது. ரயில் எங்கள் டவுனுக்கு வரவில்லை, ரயில் ஏற அரியலூருக்குத்தான் போக வேண்டும்.

சரி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். 5,65,223 என்று சொன்னேனே, அந்த எண்ணில் என் தம்பி இல்லை.

2011 பிப்ரவரியில் கணக்கெடுக்க ஒரு பள்ளி ஆசிரியை எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா எல்லார் பெயரையும் சொன்னார், தம்பியின் பெயரையும். "எங்க இருக்கார்?" "சிங்கப்பூர்ல." "அப்ப எழுத முடியாதும்மா." கணக்கெடுக்கிற நாட்கள் முழுக்க வீட்டில் இல்லாதவரை அந்த வீட்டில் எழுதக் கூடாது என்பது விதி, அந்த அம்மையார் மேல் தப்பு இல்லை. எங்கள் அம்மா விடவில்லை. "ரேஷன் கார்டுல இருக்கான், ஓட்டு லிஸ்ட்ல இருக்கான், அவன் சட்டை இன்னும் கொடியில தொங்குது, அவன் அனுப்பற காசுலதான் இந்த வீட்டுக்கு ஓடு மாத்தினோம், அவன் இல்லேன்னு எப்படி எழுதுவீங்க?" ஆசிரியை டீ குடித்துவிட்டு, ஆறுதலாகப் பேசிவிட்டு, எழுதாமலே போனார். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்வார்.

தம்பி வந்த கதையும் பட்டறைக் கதைதான். 2008-இல் முதல் தடவை ஒரு ஏஜெண்டிடம் பணம் கட்டி அது போய்விட்டது. ஆள் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். வெங்காயப் பட்டறையைப் பாதி விலைக்குப் பிரித்து, அம்மாவின் தாலிச் சங்கிலியை அடகு வைத்துக் கட்டிய பணம். இரண்டாவது தடவை ஊரிலேயே பயிற்சி எடுத்து, வேலைத்திறன் டெஸ்ட் அடித்து, பாஸாகி, வேறு ஆள் மூலம் கட்டுமான வேலைக்கு வந்தான். வந்து சேர்ந்த பிறகு அந்தக் கடனை அடைக்க அவனுக்கு இரண்டு வருடம் பிடித்தது. எங்கள் தெருவில் இப்படி ஒன்பது வீடு. வெள்ளாற்றங்கரையில் லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர்ப் பக்கம் போனால் வளைகுடா நாட்டுக் காசில் எழும்பிய வீடுகள் வரிசையாக இருக்கும்.

பெரம்பலூர்க் கணக்கில் இல்லாத தம்பி சிங்கப்பூர்க் கணக்கில் இருக்கிறான். 2024 ஜூனில் இங்கே மொத்த மக்கள்தொகை 60 லட்சத்து 40 ஆயிரம், அதில் குடியுரிமையும் நிரந்தரவாசமும் இல்லாதவர்கள் 18 லட்சத்து 60 ஆயிரம். அந்தக் கடைசி எண்ணுக்குள் எங்கேயோ ஒரு புள்ளியாக அவன் இருக்கிறான். 2020 ஏப்ரலில் கொவிட் எண்ணிக்கை தினமும் வெளிவந்தபோது தொழிலாளர் தங்கும் விடுதி தனி, சமூகம் தனி என்று இரண்டாகப் பிரித்துத்தான் சொல்வார்கள். நான் ஈசூனில் என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு முதல் எண்ணைப் பார்ப்பேன், அவன் அதில் இருந்தான். 15 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிற தம்பியைப் பல மாதம் பார்க்க முடியவில்லை. காய்ச்சல் வந்து, தனிமையில் இருந்து, குணமாகி, மறுபடி அறைக்குத் திரும்பிவிட்டான், எல்லாவற்றையும் போனில்தான் கேட்டேன். அம்மாவிடம் நாங்கள் இரண்டு பேரும் சொல்லவே இல்லை.

இப்போது அந்த மாவட்ட எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். ஆண்கள் 2,82,157. பெண்கள் 2,83,066. ஆயிரம் ஆண்களுக்கு 1,003 பெண்கள். தமிழ்நாட்டுச் சராசரி 996. பார்த்தவுடன் சந்தோஷமாக இருக்கும், பெண்களை வாழவைக்கிற மாவட்டம் என்று தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அப்புறம் ஆறு வயது வரைக்கும் உள்ள குழந்தைகளின் கணக்கைப் பார்த்தேன். ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 913 பெண் குழந்தைகள். மாநிலச் சராசரி 943. பக்கத்து அரியலூரிலும் கடலூரிலும் 900-ஐக்கூடத் தொடவில்லை.

இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது இதுதான். பெரியவர்களில் பெண்கள் கூடத் தெரிவதற்கு, கணக்கெடுப்பு நாளில் ஆண்கள் துவாஸிலோ துபாயிலோ திருப்பூரிலோ இருந்ததும் ஒரு காரணம். பெண்களுக்கு ஆயுள் கூடுதல் என்பதும் இருக்கலாம். ஆனால் குழந்தைகள் எங்கேயும் வேலைக்குப் போகவில்லை. அந்த எண் 913 என்று குறைந்திருப்பதில் பிறக்கவிடாமல் செய்யப்பட்ட பெண்களின் கணக்கு இருக்கிறது. நான் எங்கள் வீட்டில் மூன்றாவது பெண், எனக்குப் பிறகுதான் தம்பி. நான் பிறப்பதற்கு முன்பே ஸ்கேன் எங்கள் டவுனுக்கு வந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத நான் இருந்திருப்பேனா என்று யோசிக்கிறேன். அப்பா நல்லவர், ஆனாலும் யோசிக்கிறேன். எனக்கு மகள் பிறந்தபோது ஊரிலிருந்து வந்த முதல் போனில் ஒரு உறவுக்காரர் "பரவாயில்லை, அடுத்தது பையனாப் பொறக்கும்" என்றார். அந்தப் "பரவாயில்லை"யை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை. மகளிடம் இந்தப் பகுதியை மட்டும் அன்றைக்குச் சொல்லவில்லை. அவளுக்கு 15 வயது ஆகட்டும்.

ஆண்கள் போன பிறகு மாவட்டத்தைத் தாங்குகிறவர்கள் இந்தப் பெண்கள்தான். களைவெட்டு, கதிரொடிப்பு, பருத்தி எடுப்பது, நூறு நாள் வேலை, மாடு, பிள்ளைகள், வங்கி, அடகுக்கடை, போர் போடுகிற லாரிக்காரனோடு பேரம், எல்லாம். 2011-இல் ஆண்களில் நூற்றுக்கு 82-க்கு மேல் எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது, பெண்களில் 66 கூட இல்லை. எங்கள் அம்மா கையெழுத்து மட்டும் போடுவார். அந்தக் கையெழுத்தை வைத்துக்கொண்டுதான் இரண்டு ஏக்கர் காட்டையும் ஒரு சிங்கப்பூர்க் கடனையும் நடத்தினார். இப்போது எறையூர் சிப்காட்டில் காலணித் தொழிற்சாலை வந்திருக்கிறது, எங்கள் தெருப் பெண்கள் காலையில் வேனில் ஏறிப் போகிறார்கள். அவர்களில் ஒருத்தி என் சித்தப்பா மகள். மாதச் சம்பளம் அவள் பெயரில் வங்கியில் ஏறுகிறது. வெயிலில் நிற்க வேண்டியதில்லை என்று சொன்னாள், அதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்த நிம்மதியை என்னால் மறக்க முடியவில்லை. களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று அம்மா புலம்புகிறார், அதுவும் உண்மை.

2011-க்குப் பிறகு கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2021-இல் நடக்க வேண்டியது கொவிட்டால் தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1-ஆம் தேதியை அடிப்படையாக வைத்து எடுக்கப்போகிறார்கள். ஆட்களை எண்ண வீடு வீடாக வரப்போவது பிப்ரவரியில். தேக்காவில் பார்த்த பாடாலூர்ப் பையனிடம் இதைச் சொன்னேன். "அப்ப நானும் இருக்க மாட்டேன்க்கா" என்றான், எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்வது போல. வெங்காயத்துக்குக் காசு கொடுத்துவிட்டு, அடுத்து நின்ற ஆளிடம் அவனே திரும்பி, "இந்த அக்கா எங்க பெரம்பலூர்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அம்மாவிடம் போனில் இந்த 2027 விஷயத்தைச் சொன்னதிலிருந்து அவருக்கு ஒரே நினைப்பு. மாசி மாதம்தானே, அறுப்பு சமயம்தானே, தம்பியை அப்போது லீவு போட்டு வரச் சொல் என்கிறார். டீச்சர் வரும் அன்றைக்கு அவன் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டுமாம். தம்பி கம்பெனியில் எழுதிக் கொடுத்திருக்கிறான். இன்னும் பதில் வரவில்லை.